கிளச்

கனகராயன்குளத்தில், பழைய கார்கள் விற்கும் காணியில், வெயில் பொனற்று மூடிகளில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. சிவகரன் மலிவான சிவப்புக் காரின் சாரதி இருக்கையில் ஏறி, தன் இடது பொய்க்காலைக் கையால் தூக்கிக் கிளச்சில் வைக்கிறான். கிளச் இல்லாத ஓட்டோ கியர் கார் பக்கத்தில்தான் நிற்கிறது. அவர்களுடைய காசு அதற்கு எட்டாது. "பட்டிட்டுதோ?" என்று பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியைக் கேட்கிறான். கௌசலா குனிந்து பார்க்கிறாள். "இல்லை, இன்னும் கொஞ்சம் இஞ்சாலை." "இப்ப?" "ஓம், மிதியுங்கோ." அவன் அழுத்துகிறான். பொய்க்கால் வழுக்கித் தரையில் டொக்கென்று இடிக்கிறது. என்ஜினுக்குள் தலையை விட்டு நிற்கும் விற்பனையாளர் ஸாஜித், அது காரின் சத்தமென்று நினைத்து, நிமிராமலே சொல்கிறார்: "யோசிக்காதீங்க அண்ணை, அடிபடாத வாகனம். எல்லாச் சாமானும் ஒரிஜினல்." கௌசலா மறுபடியும் குனிந்து, அந்தக் காலைத் தூக்கிக் கிளச்சில் வைக்கிறாள்.