அடுத்த டோக்கன்

வாரம் தவறாமல் டாக்டரிடம் போய்விட்டு, மருந்தே வாங்காமல் திரும்பும் வசுமதி பெரிய நோய் எதையோ மறைக்கிறாள் என்று அவள் கணவன் தணிகைவேலுக்குப் பயம். இன்று அவளிடம் சொல்லாமல் கிளினிக்குக்கே வந்துவிட்டான். மின்விசிறிக்குக் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் தலைசாய்த்து அவள் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டதும், பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடம் தன் டோக்கனைக் கொடுத்து அவளுடையதை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க முன்னாடி போங்க. எனக்கு அவசரமில்ல."

அவன் எதிரே போய் நின்றான். "வசு, உனக்கு என்னதான்மா பண்ணுது?"

அவள் திடுக்கிட்டுக் காலால் செருப்பைத் தேடினாள். "ஒண்ணுமில்லைங்க. இங்க உக்காந்திருந்தா யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க. அதான்." உடனே, "அத்தைக்குக் கஞ்சி வைக்கணும், வாங்க போலாம்" என்று எழுந்தாள்.

அவன் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் தலை அவன் தோளில் சரிந்தது. நர்ஸ் இப்போது அவள் கையிலிருந்த புது எண்ணைக் கூப்பிட்டாள். தளர்ந்திருந்த விரல்களிலிருந்து டோக்கனை மெல்ல உருவி, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவரிடம் நீட்டி, அவருடையதை வாங்கிக்கொண்டான்.

"நீங்க முன்னாடி போங்கய்யா" என்றான், குரலைத் தாழ்த்தி.