மௌரீன் ஐடியா

மௌரீன் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. பக்கத்து நாற்காலியில் இருந்த தினேஷுக்கு வயிறெரிந்தது.

மேடையில் அவர்களுடைய செக்ஷன் மேனேஜர் சீனிவாசராகவன், ஏசி இல்லாத கிராமத்திலும் ஓடும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பற்றி வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். புரொஜெக்டரில் தெரிந்த அத்தனையும் மௌரீன் போட்ட டிசைன். இத்தனைக்கும் மனுஷன் ஏசி ரூமை விட்டு கேன்டீனுக்குக்கூட வர மாட்டார்.

"போன தடவை என்னோடத சுட்டாரு, இப்ப உன்னோடது," என்று தினேஷ் பல்லைக் கடித்தான். "பென்சிலையே பூட்டி வெக்கிறவ நீ. இதைப் போய் எப்படி விட்டே?"

"மறந்துபோய் அவர் டேபிள்லயே வெச்சிட்டேன்." கைக்குட்டைக்குள்ளிருந்து வந்த குரல் நடுங்கியது.

ஊழியர்களின் நல்ல யோசனைக்குப் பணம் தருவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. யோசனை சொன்னவரே கூட இருந்து முடித்துக் காட்ட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மௌரீன் ஜெயித்தால் அந்த வேலையில் அவளுக்குக் கீழே இருக்கலாம் என்று தினேஷ் ஆசையாக இருந்தான். இப்போது இவள் வெறுத்துப்போய் ராஜினாமா செய்துவிட்டால், அந்த ஆளிடம் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நினைக்கவே பயமாக இருந்தது.

"எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லிடறேன்," என்று எழுந்தான்.

மௌரீன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா உக்காரு மேன்!"

எம்.டி. ஸ்ரீகண்டன் மைக்கைப் பிடித்தார். "பிரமாதம், சீனிவாசராகவன்! கேட்ட பணம் முழுசா சாங்ஷன். ஐடியா முழுக்க உங்களோடதுதானே?"

"சத்தியமா என்னோடதுதான் சார்!"

"அப்ப நீங்களேதான் போகணும். நல்ல வெயில்ல டெஸ்ட் பண்ணாதானே தெரியும்? ராஜஸ்தான் பாலைவனம், ரெண்டு வருஷம், ரெண்டு கோடை. பொங்கல் முடிஞ்சதும் கிளம்பிடுங்க."

கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. பெங்களூரின் டிசம்பர்க் குளிரிலும் சீனிவாசராகவனுக்குக் குப்பென்று வியர்த்தது.

தினேஷ் வாயைப் பிளந்தான். "அப்ப ரெண்டு வருஷம் இந்த ஆளு நம்ம செக்ஷன்லயே இருக்க மாட்டாரா?"

மௌரீன் கைக்குட்டையை எடுத்தாள். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது.

"அதான் மேன் என் ஐடியாவே!"