மூச்சு வாங்கும் இடம்

பாட்டின் மூன்றாவது அடியில் சபையே சட்டென்று நின்றது. ஊருக்குப் புதிதாக வந்து ஆர்மோனியம் வாசித்த பிரிஸ்கில்லா மட்டும் தனியே முன்னால் ஓடிவிட்டாள். அவள் திகைப்பதற்குள் எல்லோரும் ஒரே குரலாக மீண்டும் பாட்டை எடுத்தார்கள்.

ஆராதனை முடிந்ததும், பாடகர் வரிசையில் நின்றிருந்த ஜெபக்கனி அக்காவிடம் கேட்டாள். "அங்க ஏன்க்கா நிறுத்துறீங்க? ராகத்துல அப்படி இல்லையே."

"அது தவசிமணி அண்ணன் மூச்சு வாங்குத இடம்லா. அவருக்கு இழுப்பு. அவர விட்டுட்டு நாம முந்திப் போயிர முடியுமா?"

"அவரு எங்க உக்காந்திருந்தாரு?"

"அவரு செத்து ரொம்ப வருசமாச்சு, பிள்ள."

அடுத்த ஞாயிறு அந்த அடி வந்ததும் பிரிஸ்கில்லா கட்டைகளிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டாள். கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மனிதர் நிதானமாக மூச்சை இழுத்து முடிக்கும்வரை அவளும் காத்திருந்தாள்.