இளவரசரை எப்படி அழைப்பது?

"'வேல்ஸ் இளவரசர் அவர்களுக்கு'ன்னு மட்டும் எழுதிப் பாருங்க, அந்த நிமிஷமே நான் எழுந்து போயிடுவேன்!"

சொன்னவர் இன்சூரன்ஸ் இத்வல். பள்ளிக் காப்புக் குழுவின் தலைவர் என்பதால் வகுப்பறையில் இருந்த ஒரே பெரிய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், ஹீட்டரை ஒட்டி, கடை ஹெவினா. வாசல் பக்கம் ஆட்டுப்பண்ணை டெகித். ஐந்து வயதுக் குழந்தைக்கான நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருந்தார். கரும்பலகைக்குக் கீழே, தாளும் பேனாவுமாகத் தலைமை ஆசிரியை மென்னா. தலைமை ஆசிரியை, துணை ஆசிரியை, மணி அடிப்பவர் எல்லாம் அவர் ஒருவர்தான்.

விஷயம் சின்னது. ஊரின் வெல்ஷ் மொழிப் பள்ளியில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் ஏழே பேர். வெள்ளிக்கிழமை மாவட்ட மன்றம் கூடி, பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். அடுத்த மாதம் அந்தப் பக்கம் வரவிருக்கும் இளவரசர் ஒரு வார்த்தை சொன்னால் மன்றம் சற்று யோசிக்கும். அதைக் கேட்டு எழுதும் கடிதம் இன்று, புதன்கிழமை, ஐந்து மணித் தபாலில் போயாக வேண்டும்.

"பட்டத்தைப் போடாம எழுதினா, யாருக்குன்னு அரண்மனையில எப்படித் தெரியும்?" என்றார் டெகித்.

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்க நம்ம வேல்ஸ் இளவரசனைக் கொன்னு, தலையைக் கொண்டுபோய் லண்டன்ல ஈட்டியில சொருகி வெச்சாங்க. அப்புறம் பட்டத்தை எடுத்து அவங்க ராஜாவோட பையனுக்கே மாட்டி விட்டாங்க. அதை நாம நம்ம கையால எழுதணுமா?"

"நீ எங்கேய்யா எழுதறே? டீச்சர்தானே எழுதறாங்க."

"உனக்கு ரத்தத்துல சூடே இல்லையா டெகித்?"

"சூடு இருக்கட்டும். நீ போட்டிருக்கிற ரக்பி சட்டையில மூணு இறகு இருக்கே, அது யாரோட சின்னம்? அதே இளவரசரோடதுதானே?"

இத்வல் குனிந்து பார்த்தார். அதன்பின் கூட்டம் முடியும்வரை நெஞ்சில் கை வைத்தபடியே பேசினார். பேச்சுக்கு அது நல்ல எடுப்பாகவும் இருந்தது.

"எனக்கும் அந்தப் பட்டம் ஆகாது," என்றார் ஹெவினா.

"ஏம்மா, உன் கடை ஜன்னல்ல அவர் படம் போட்ட டீக் கோப்பையை அடுக்கி வெச்சிருக்கியே?" என்றார் டெகித்.

"அது வியாபாரம். இது மானம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

மென்னா கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். இந்தப் பிள்ளைங்க எண்ணிக்கையைப் பத்தி..."

"அது கடிதத்தோட நடுப்பகுதி டீச்சர். நாம இன்னும் முதல் வரிக்கே வரலியே!" என்றார் இத்வல்.

மென்னா தலையாட்டினார். கொஞ்ச நேரம் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளின் மேல் குனிந்து எழுதத் தொடங்கினார்.

"டீச்சர் எவ்வளவு பொறுப்பா குறிச்சுக்கறாங்க பாருங்க," என்றார் ஹெவினா.

"வெறும் 'ஐயா'ன்னு போடலாமா?" டெகித் கேட்டார்.

"நாம என்ன அவர் வீட்டு வேலைக்காரங்களா?"

"சரி, 'அன்புள்ள'?"

"அன்பா? எந்தக் கணக்குல?"

"அப்ப பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடலாம்."

"சேச்சே, என்ன இருந்தாலும் இளவரசராச்சே!" என்று ஹெவினா பதறினார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றார் இத்வல். "கடிதம் முழுக்க வெல்ஷ்லதான் இருக்கணும். ஒரு சொல்கூட இங்கிலீஷ் கூடாது."

"அவருக்குப் புரியுமா?"

"புரியலைன்னா கத்துக்கட்டும். பட்டம் வேணும், மொழி வேண்டாமா?" இத்வல் மேசையைக் குத்தினார். வண்ணப் பென்சில்கள் உருண்டு விழுந்தன. "நம்ம தெருவுல, நம்ம வீட்டுல, நம்ம பிள்ளைங்க நாக்குல இந்த மொழி இல்லைன்னா நாம யாரு? இன்னும் கொஞ்சம் அதிகமா மழையில நனையற இங்கிலீஷ்காரன், அவ்வளவுதான்!"

ஹெவினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டெகித்கூடத் தொப்பியைக் கழற்றினார்.

நாலே கால் மணிக்கு ஒரு வழி பிறந்தது: 'எங்கள் பகுதிக்கு வருகை தரவிருக்கும் விருந்தினர் அவர்களுக்கு'. பட்டமும் இல்லை, பணிவும் இல்லை, பகையும் இல்லை. மூன்று கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது.

"சரித்திரம்!" என்றார் இத்வல். "எழுநூறு வருஷத்துக்கு அப்புறம் நாம தலை நிமிர்ந்திருக்கோம்."

"மத்த வரிகளை எப்ப எழுதறது?" என்று மென்னா கேட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சந்தையடியில் பஸ் ஹார்ன் கேட்டது. மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். டெகித்தோடு நாற்காலியும் சேர்ந்து எழுந்தது. பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது.

"மத்ததைத் திங்கட்கிழமை உட்கார்ந்து பேசிக்கலாம்," என்றார் இத்வல், கோட்டை மாட்டிக்கொண்டே.

"வெள்ளிக்கிழமையே மூடறதா முடிவு பண்ணிடுவாங்களே?"

"அதுக்காக அவசரப்பட்டு மானத்தை விட முடியுமா டீச்சர்?"

மூவரும் சந்தையடியை நோக்கி ஓடினார்கள்.

மென்னா சிதறிக் கிடந்த பென்சில்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். பிறகு, கூட்டம் நடக்கும்போதே எழுதி முடித்திருந்த கடிதத்தை எடுத்து நான்காக மடித்தார். உறையின் மேல் விலாசம் எழுதினார்: 'தலைமை ஆசிரியர், ஆங்கிலப் பள்ளி'. பக்கத்து நகரத்தின் பெயரையும் கீழே சேர்த்தார்.

ஒட்டுவதற்கு முன் கடைசி வரிகளை ஒருமுறை படித்துப் பார்த்தார். "தாங்கள் தருவதாகச் சொன்ன வேலையை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பள்ளிக் காப்புக் குழு உறுப்பினர்கள் மூவரின் ஆறு பிள்ளைகளும் தினமும் பஸ் ஏறி வந்து தங்களிடம்தான் படிக்கிறார்கள் என்பதால், பழகிய முகங்களுக்கு எனக்கு அங்கே குறைவிருக்காது."

உறையை ஒட்டி, ஐந்து மணித் தபாலில் சேர்த்தார்.