உப்பு போட்ட பாத்தி

"ஏட்டி மாடத்தி, செடிக்கு எவனாவது உப்பு போடுவானா?"

வாயருகே கொண்டுபோன கஞ்சியைக் குடிக்காமலே கீழே வைத்தான் சொரிமுத்து.

"பொணத்தைப் புதைக்கையிலதான் போடுவாவ" என்றாள் அவன் பெண்டாட்டி. "சாப்பிடுத நேரத்துல எதுக்கு அந்தப் பேச்சு?"

குற்றாலம் ஐந்தருவிப் பாதையில் இருந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சொரிமுத்து தோட்டக்காரன். போன சீசனில் துரை அவனை ஆள் நீளத்துக்கு ஒரு குழி வெட்டச் சொன்னார். ஒரு மூட்டை உப்பும் வாங்கிவரச் சொன்னார். அப்புறம், "பத்து நாள் லீவு எடுத்துக்கொள்" என்றார். கேட்டாலும் லீவு தராத மனுஷன்!

திரும்பி வந்து பார்த்தால் குழி மூடியிருந்தது. மேலே மண் மேடு. "செடி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் துரை. பங்களாவில் துரைசானியைக் காணோம். சீமைக்குப் போய்விட்டாளாம். தென்காசி ஸ்டேஷனில் அவள் ரயில் ஏறியதைப் பார்த்தவர்கள் ஒருவருமில்லை.

"இன்னைக்கு அந்த மேட்டுல வெரல் நீட்டிக்கிட்டு நிக்குதுட்டி. வெள்ளை வெளேர்னு நாலு வெரலு!"

மாடத்தி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "வெளிய மூச்சு விட்றாதீங்க. குழி வெட்டுனது நீங்க, உப்பு சுமந்தது நீங்க. துரையை விட்டுட்டு ஒங்களைத்தான் தூக்குல போடுவாவ!"

அந்தப் பயம்தான் அவனையும் அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் போலீஸ் தானாகவே வந்து நின்றது. யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கிறார்களாம். இன்ஸ்பெக்டர் சிவசைலம் சாரலில் நனைந்தபடி நெளிந்தார். "மன்னிக்கணும் துரை. மேலிடத்து உத்தரவு."

"தாராளமாகத் தோண்டுங்கள். அடிவரைக்கும் தோண்டுங்கள்" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார் துரை.

"வெட்டுலே" என்று மம்பட்டியைச் சொரிமுத்துவிடமே கொடுத்தார் இன்ஸ்பெக்டர். அவன் வெட்டினான். வேர் வந்தது. இன்னும் வெட்டினான். மறுபடியும் வேர்தான்.

துரை எழுந்து வந்து ஒரு வெள்ளை விரலை ஒடித்து, நறுக்கென்று கடித்தார். "ஆஸ்பராகஸ். எங்கள் ஊர்க் காய்கறி. வெயில் பட்டால் பச்சையாகிவிடும், அதனால்தான் மண் மேடு. உப்பு போட்டால் களை வராது."

இன்ஸ்பெக்டருக்கு மானமே போய்விட்டது. "இனிமே எவன் என்ன எழுதுனாலும் சரி துரை, இந்தத் தோட்டத்துல போலீஸ் மம்பட்டி படாது!"

சொரிமுத்து அவர் பின்னாலேயே ஓடினான். "சத்தியமா நான் எழுதல ஐயா. எனக்குக் கைநாட்டுதான்."

"தெரியும்லே. இது இங்கிலீசுல டைப் அடிச்சு வந்தது."

போன உயிர் திரும்பி வந்தது சொரிமுத்துவுக்கு.

அடுத்த வாரம் துரைசானியே காரில் வந்து இறங்கினாள். குத்துக்கல்லாட்டம் உயிரோடு நின்றவளைப் பார்த்ததும், சொரிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். 'நல்ல மனுஷனைப் போயி சந்தேகப்பட்டேனே, பாவி!'

இரண்டு நாள் பங்களாவுக்குள் ஒரே சண்டைச் சத்தம். மூன்றாம் நாள் துரை கூப்பிட்டார்.

"பழைய பாத்தி பாழாகிவிட்டது. புதிதாக ஒன்று வெட்டு. இந்தத் தடவை இன்னும் ஆழமாக."

"உப்பு, துரை?"

"இரண்டு மூட்டை. வெட்டி முடித்ததும் பத்து நாள் லீவு எடுத்துக்கொள்."

தலையாட்டிவிட்டு மம்பட்டியை எடுக்கப் போன சொரிமுத்து, துரை அறையின் ஜன்னலருகே அப்படியே நின்றுவிட்டான். உள்ளே மேசைமேல் இருந்தது டைப் மிஷின். குற்றாலத்துக்கே அது ஒன்றுதான்.