கீழ் மூலை

கொடி மறுபடியும் கம்பத்தைச் சுற்றிக்கொண்டது.

அவன் இறக்கினான். பிரித்தான். கையால் நீவிவிட்டு மறுபடி ஏற்றினான்.

சற்று நேரம் பறந்தது. பச்சைப் பட்டு. நடுவில் மஞ்சள் யானை. யானையின் காலடியில் தோட்டத்தின் பெயர், ஆங்கிலத்தில். பிறகு ஒரு துள்ளல். கம்பத்தில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டது.

ஏன் என்று புரியவில்லை.

கப்பிக்கு எண்ணெய் விட்டாயிற்று. கயிற்றை மாற்றியாயிற்று. கம்பத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்தும் பார்த்தாயிற்று.

துரை பங்களா இப்போது ஹோட்டல். அவன் அதன் மேனேஜர்.

பழைய துரையின் வம்சத்தில் ஒரு பெண் லண்டனிலிருந்து வருகிறாள். கார் வாசலில் நிற்கும்போது கொடி விரிந்திருக்க வேண்டும் என்று முதலாளி கொழும்பிலிருந்து போன் செய்திருந்தார். இந்தச் சின்ன வேலை முடியாவிட்டால் வேறு மேனேஜர் பார்க்கிறேன் என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மேனேஜர் வேலையோடு வந்தது சிமெண்ட் வீடு. தொழிலாளர் லயத்தில் இருந்த அறை மண்சரிவில் போனதிலிருந்து அக்காவும் அவள் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கொழுந்துக் கூடையோடு மலையேறிய பெண்கள் வேலியோரம் நின்றுவிட்டார்கள்.

"மேனேஜரய்யா, கொடிக்கு வெக்கமாம். முந்தானைய இழுத்து மூடிக்கிது."

சிரிப்பு.

"போங்கடி வேலையப் பாத்துக்கிட்டு. பழைய துணி. வர்றவங்க பாக்குறாங்க, நமக்குச் சோறு கெடைக்குது," என்றான் அவன்.

"யானை அழகாத்தான் இருக்கு," என்றாள் கூட்டத்தில் சின்னவள் ஒருத்தி.

கடைசியில் நின்ற அக்கா கூடையை இறக்கி வைத்தாள்.

"துணிதான். விடியக்காலம் கொடி ஏறுறதுக்குள்ள ஆள் எண்ணுற பெரட்டுக்கு வந்து வரிசையில நிக்கலன்னு நம்ம பூட்டன அந்தத் தொர இந்தக் கம்பத்துலதான் கட்டிவச்சான். துணியிலயா கட்டுனான்?"

சின்னவள் யானையை விட்டுக் கம்பத்தைப் பார்த்தாள்.

அவள் கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றில் ஒரு பித்தளை வில்லை.

தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டுவதற்கு முன்பே பூட்டனின் கழுத்தில் மாட்டியது. அதில் பெயர் இல்லை. தோட்டத்துக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு ஓர் எண். பூட்டனுக்குப் படமும் இல்லை. அதனால் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் அந்த வில்லைக்குத்தான் பொட்டு வைப்பார்கள்.

போன வாரம் அவன் அதைக் கேட்டான். ஹோட்டலின் கண்ணாடிப் பெட்டியில், பழைய தராசுக்கும் ஊதுகொம்புக்கும் பக்கத்தில் வைக்க.

"அவரப் பெட்டியில போடப் போறியா?" என்றாள்.

தூங்கும்போது எடுத்துவிடுவான் என்று நினைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். பூட்டன் போட்டிருந்ததுபோல.

இன்று வெள்ளி. வில்லையில் குங்குமம் இருந்தது.

அவன் கொடியை மறுபடி ஏற்றினான். இந்த முறை கப்பியைப் பார்க்கவில்லை. கொடியின் ஓரத்தை மட்டும் பார்த்தான்.

பிடிபட்டது.

பள்ளத்திலிருந்து ஏறும் காற்று பங்களாச் சுவரில் மோதித் திரும்புகிறது. திரும்பும்போது சுழல்கிறது. அந்தச் சுழலில் முதலில் எழுவது கொடியின் ஆடும் பக்கத்துக் கீழ் மூலை. பட்டு லேசானது. மூலை துள்ளிப் போய்க் கம்பத்தின் மேல் விழுகிறது. அது மாட்டிக்கொண்டால் போதும். மீதித் துணியை அடுத்த காற்று சுருட்டிவிடும்.

அந்த மூலை எழாமல் இருந்தால் போதும்.

ஒரு கல்லைக் கட்டினான். பட்டு கிழியப் பார்த்தது.

சாவிக்கொத்தைக் கோர்த்தான். கொடி மொத்தமாகத் தொங்கிப்போயிற்று.

இவ்வளவு கனம் கூடாது. தட்டையாக இருக்க வேண்டும். கோர்க்க ஒரு துளை வேண்டும்.

அவன் திரும்பினான்.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அவன் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். அவள் கை கழுத்துக்குப் போயிற்று.

"கேட்டுறாதடா."

கீழே வளைவில் கார் ஹாரன் அடித்தது.

அவன் கேட்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

அவள் சரிவில் தெரிந்த சிமெண்ட் வீட்டைப் பார்த்தாள். வாசலில் கட்டிய கயிற்றில் மகளின் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

கறுப்புக் கயிற்றைத் தலைவழியே கழற்றினாள்.

அவன் கொடியை இறக்கினான். அவன் நீட்டிய கையில் அவள் வில்லையைக் கொடுக்கவில்லை. கயிற்றிலிருந்து அதை உருவி, தன் சேலையிலிருந்த ஊக்கால் மூலையின் மடிப்பில் தானே கோர்த்தாள். குங்குமம் பச்சைப் பட்டில் ஒட்டியது. துடைக்காமல் விட்டாள்.

கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

கார் வந்து நின்றது.

இறங்கிய பெண் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தாள். காற்று பலமாகத்தான் அடித்தது. மூலை எழப் பார்த்தது. எழவில்லை. யானை முழுசாகத் தெரிந்தது.

இத்தனை காற்றில் எப்படி இவ்வளவு அழகாக விரிந்து நிற்கிறது என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவன் பொறுமையாக விளக்கினான். பள்ளத்தைக் காட்டினான். சுவரைக் காட்டினான். காற்று சுழலும் விதத்தை விரலால் வரைந்து காட்டினான்.

"கீழ் மூலையில் கொஞ்சம் கனம் கோர்த்துவிட்டால் போதும், மேடம்."