படித்த முகம் எட்டு

“எட்டு பேர் போதும். ஆனா எட்டும் படிச்ச முகமா இருக்கணும்.”

ஏஜெண்ட் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். கடை திறப்பு, பாராட்டுக் கூட்டம், சினிமாப் படப்பிடிப்பு என்று எங்கே நாற்காலி காலியாகக் கிடந்தாலும் ஆள் அனுப்பி நிரப்புவதுதான் அவர் தொழில்.

“கண்ணாடி எத்தனை, தாடி எத்தனை?”

“கண்ணாடி நாலு, தாடி ரெண்டு. தாடியே இல்லாம சாப்ட்வேர் கம்பெனின்னு சொன்னா எவன் நம்புவான்?”

“வெள்ளிக்கிழமை ஆளுக்குக் கொஞ்சம் கிராக்கி சார். சமாளிச்சுடறேன். வாயே திறக்க மாட்டாங்க, நான் கியாரண்டி. விஷயமும் வெளியே போகாது. அது நம்ம தொழில் தர்மம்.”

அவர் படி இறங்கினாரோ இல்லையோ, ஆள் கேட்டவனை அவன் மனைவி பிடித்துக்கொண்டாள். “ஏங்க, உங்க சாப்ட்வேர் நல்லாத்தானே ஓடுது? ஒத்தை ஆளா எழுதினேன்னு உள்ளதைச் சொன்னா குடியா முழுகிடும்?”

“முழுகிடும்! அந்த மேடம் போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ‘சின்ன கம்பெனியோட நாங்க சேர்றதில்லை’ன்னாங்க. நான் விடுவேனா? ‘நாங்களும் அப்படித்தான், உங்க டீமோட வாங்க பார்ப்போம்’னேன். மார்க்கெட்டிங்ல முதல் பாடமே அதான். பந்தா முதல்ல, சரக்கு அப்புறம்.”

சரக்கு நாலு வருட உழைப்பு. சலவைக் கடையில் ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் செயலி. பாவம், எழுதத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு விற்கத் தெரியவில்லை. தெரிந்தவர்களின் மூன்று கடையைத் தாண்டவே இல்லை. மேடத்தின் விற்பனை நிறுவனம் கையெழுத்துப் போட்டால் முந்நூறு கடை. போடாவிட்டால் திங்கட்கிழமை காலை பழைய ஆபீஸ், பழைய நாற்காலி, “என்னப்பா, வந்துட்டியா?” என்று இளிக்கப்போகும் அதே மேனேஜர்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரை நாள் வாடகைக்கு எடுத்த மூன்றாவது மாடி ஆபீஸ். கண்ணாடிக் கதவில் கம்பெனி பெயரை டேப் போட்டு ஒட்டியாயிற்று. எட்டுப் பேரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாடிக்காரர் ஒருவர் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தே நெற்றியைச் சுருக்கினார். மனைவிக்கு எச்.ஆர். மேனேஜர் பதவி.

சரியாக இரண்டு மணிக்கு மேடம் வந்தார். பின்னால் டை கட்டிய ஏழு பேர், வரிசை குலையாமல்.

“என்னோட சேல்ஸ் டீம்,” என்றார் மேடம். ஏழு பேரும் ஒரே நேரத்தில் வணங்கி, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். ஆத்தாடி, இதுவல்லவோ கம்பெனி என்று அவன் அசந்து போனான்.

செயலியைப் போட்டுக் காட்டினான்.

“ஒரே நிறத்துல, ஒரே சைஸ்ல ரெண்டு சட்டை வந்தா?” மேடம் கேட்டார். காட்டினான்.

“துணியில கட்டின சீட்டு நனைஞ்சு கிழிஞ்சுட்டா?” அதையும் காட்டினான். மேடத்தின் முகம் மலர்ந்தது. ஏழு தலைகளும் ஆடின.

மனைவி அவன் காதருகே குனிந்தாள். “அந்தம்மா ஒருத்திதானேங்க பேசுறாங்க? மத்தவங்க தலையை மட்டும் ஆட்டுறாங்க.”

“அதுக்குப் பேர்தான் தலைமைப் பண்பு. கத்துக்கோ.”

மேடமும் சும்மா இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்க ஆளுங்க வந்ததுலேருந்து நிமிர்ந்தே பார்க்கலையே! எப்படி சார் இப்படிப் பழக்கினீங்க?” என்றார்.

“எல்லாம் ஒரு ஈடுபாடு மேடம். கம்பெனியைச் சொந்த வீடா நினைக்கிறாங்க.”

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. அணைந்த திரைக்காரர் சும்மா இருந்தாரா? விறுவிறுவென்று எழுந்து வந்து, தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்து மேடத்தின் ஏழு பேரில் ஒருவரிடம் நீட்டினார். “இந்தாங்க, உங்களுக்குச் சர்க்கரை போடாதது.”

அவனுக்கு நாலு வருடமும் அந்த டீ கப்பில் விழுந்து மூழ்குவது போலிருந்தது.

“எங்க ஆளுங்க அப்படித்தான் மேடம்,” என்று எப்படியோ சிரித்தான். “வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே தேவையைப் படிச்சிடுவாங்க.”

“தெரியுது, நல்லாவே தெரியுது!” என்றார் மேடம் அவசர அவசரமாக. “இனிமே பேச என்ன இருக்கு? பேனாவைக் கொடுங்க, கையெழுத்துப் போட்டுடலாம்.”

போட்டார். அவனும் போட்டான். முந்நூறு கடை! எழுந்து குதிக்கலாம் போலிருந்தது அவனுக்கு. மனைவியைப் பார்த்து, எப்படி என் பந்தா என்று புருவத்தை உயர்த்தினான். அவளும் நிம்மதியாகச் சிரித்துவிட்டாள்.

கதவு லேசாகத் திறந்தது. ஏஜெண்ட் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“கையெழுத்து ஆயிடுச்சா சார்? சட்டுன்னு அனுப்பி வைங்க. பதினஞ்சு பேரும் நாலு மணிக்கு ஒரு கடை திறப்புல கை தட்டணும்.”

அவன் பாய்ந்து போய் அவரை மறைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். “யோவ், என்ன பதினஞ்சு? நான் கேட்டது எட்டுதானே?”

“உங்களுக்கு எட்டுதான் சார்,” என்றார் ஏஜெண்ட், அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “மீதி ஏழும் மேடம் கேட்டது.”